கொதிக்க வைத்தும் குடிக்க முடியாத தண்ணீர்!

ஏரியைக் காப்பாற்ற ஓஹியோ அரசாங்கம் செய்யும் ஏற்பாடு

அமெரிக்காவில் ஓஹியோ என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதன் வடகோடியில், ஈரி ஏரியின் கரையில் இருக்கிறது டொலீடோ நகரம்.

2014-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி, சனிக்கிழமை. பொழுது விடியும் முன்பே ஓர் அறிவிப்பு வந்தது.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கொதிக்க வைத்தும் குடிக்கக் கூடாது!

மக்கள் திகைத்தார்கள். தண்ணீரில் சந்தேகம் என்றால், கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்பதுதானே வழக்கம்? கிருமிகள் செத்துவிடும்.

ஆனால், இது கிருமி அல்ல; விஷம். "மைக்ரோசிஸ்டின்" என்று பெயர். ஈரலைக் கெடுக்கும். கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகிக் குறையும். விஷம் குறையாது. மிஞ்சிய தண்ணீரில் விஷத்தின் வேகம் இன்னும் கூடிவிடும்!

ஏறக்குறைய 4 லட்சம் பேர் தவித்தார்கள். கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. பலர் காரில் பக்கத்து மாநிலமான மிச்சிகனுக்குப் போய்த் தண்ணீர் வாங்கி வந்தார்கள். 4-ந் தேதிதான் தடை நீங்கியது.

விஷம் வந்த வழி

ஏரியில் படர்ந்த ஒரு வகைப் பாசிதான் விஷத்தைக் கக்கியது. அந்தப் பாசிக்குத் தீனி, பாஸ்பரஸ்.

பாஸ்பரஸ் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வயல்களில் இருந்து! ரசாயன உரத்திலும், கால்நடை எருவிலும் அது இருக்கிறது. பயிர் உண்டது போக மீதியை மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. வாய்க்கால் வழியாக மாமி ஆற்றில் சேர்கிறது. ஆறு ஏரியில் கலக்கிறது. ஏரியின் மேற்குப் பகுதியில் ஆழம் குறைவு. சராசரி 24 அடிதான். கோடையில் தண்ணீர் சூடேறும். பாசி மளமளவென்று படரும்.

ஒரு காலத்தில் அங்கே பெரிய சதுப்பு நிலம் இருந்தது. அது வடிகட்டிபோல வேலை செய்தது. 19-ம் நூற்றாண்டில் அதை வடித்து வயலாக்கினார்கள். மண்ணுக்கு அடியில் குழாய்களைப் பதித்தார்கள். இப்போது மழைத் தண்ணீர் தங்காமல் ஓடிவிடுகிறது.

யாரைப் பிடிப்பது?

1969-ல் இதே மாநிலத்தில் குயஹோகா ஆறு தீப்பிடித்தது. தண்ணீரில் மிதந்த எண்ணெய்க் கழிவுதான் காரணம். 1972-ல் அமெரிக்க அரசாங்கம் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. ஆலைக் குழாய்களும் சாக்கடைக் குழாய்களும் கட்டுக்குள் வந்தன.

ஆனால், வயலில் வழியும் மழைத் தண்ணீரை என்ன செய்வது? ஆயிரக்கணக்கான வயல்கள்! எந்த வயலைக் குற்றம் சொல்வது?

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். இங்கே உரம் போட்டவர் ஒருவர். தண்ணீருக்குத் தவித்தவர் வேறொருவர்!

வந்தது சட்டம்

50 ஏக்கருக்கு மேல் உரம் போடுகிறவர் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று, 2014-ல் ஓஹியோவில் சட்டம் இயற்றப்பட்டது.

2015-ல் இன்னொரு சட்டம் வந்தது. ஏரியின் மேற்குப் பகுதிக்குத் தண்ணீர் வரும் நிலங்களுக்கு அது பொருந்தும். பனியில் உறைந்த நிலத்திலும், ஈரம் ஊறிய நிலத்திலும் உரத்தை மேலாகத் தூவக் கூடாது. 12 மணி நேரத்துக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் மழை பெய்யக்கூடும் என்றாலும் தூவக் கூடாது. மண்ணுக்குள் புதைத்தால் தடை இல்லை.

கையில் காசு

தடை மட்டும் போதாது என்று அரசாங்கம் கண்டது. 2019-ல் கவர்னர் மைக் டிவைன் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பெயர் "எச்-2-ஓஹியோ". தண்ணீருக்கு ரசாயனப் பெயர் எச்-2-ஓ. அதோடு மாநிலத்தின் பெயரையும் சேர்த்துவிட்டார்கள்!

மண்ணைச் சோதித்து, வேண்டிய அளவே உரம் போடும் விவசாயிக்குப் பணம் கிடைக்கும். உரத்தை மண்ணுக்குள் வைத்தாலும், அறுவடைக்குப் பின் மூடுபயிர் விதைத்தாலும் பணம் உண்டு. கட்டாயம் இல்லை, விரும்பியவர் சேரலாம். சதுப்பு நிலங்களையும் மீண்டும் உண்டாக்குகிறார்கள். வடித்த நிலத்துக்கே திரும்பத் தண்ணீர்!

பலன் என்ன?

ஓஹியோவும் மிச்சிகனும் கனடாவின் ஒன்டாரியோவும் 2015-ல் ஒப்பந்தம் செய்தன. 2025-க்குள் பாஸ்பரஸை 40 சதவீதம் குறைப்பது என்று முடிவு செய்தன. அந்த இலக்கை எட்ட முடியவில்லை. பாசி இன்னும் வருகிறது.

ஆனாலும், 2019-ல் இயற்கையே ஒரு பாடம் நடத்தியது. அடைமழையால் பல வயல்களில் விதைப்பு நடக்கவில்லை, உரமும் விழவில்லை. அவ்வளவு வெள்ளத்துக்கு எதிர்பார்த்ததைவிட, தண்ணீரில் பாஸ்பரஸ் குறைவாகவே இருந்தது! ஆனால், பாசி அந்த ஆண்டும் பெருகத்தான் செய்தது. பல ஆண்டுகளாக மண்ணில் சேர்ந்தது ஒரே ஆண்டில் தீருமா?

மேட்டில் இருப்பவர் உரத்தை அளந்து போட வேண்டும். அப்போதுதான் பள்ளத்தில் இருப்பவர் பயமில்லாமல் தண்ணீர் குடிக்க முடியும்.