முன்னிலையில் இருந்தும் கடைசி 15 நிமிஷத்தில் தோற்பது ஏன்? கல்லூரி கால்பந்து அணிகளின் தடுப்பாட்டம் தளரும் பின்னணி

முக்கால்வாசி ஆட்டம் வரை எல்லாம் சரியாகத்தான் போகும். ஒரு கோல் முன்னிலையும் இருக்கும். அதற்குப் பிறகு பின்கள வீரர்களின் கால் கனக்கும். பந்தை வெளியே அடித்தால் அடுத்த நொடியே திரும்பி வரும். கடைசியில் ஒரு பெனால்டி, இல்லையென்றால் ஒரு கார்னர். ஆட்டம் கையை விட்டுப் போய்விடும். மைதானத்தைச் சுற்றி நிற்பவர்கள் ஒரே குரலில் "பேக்குங்க சரியில்லப்பா" என்று சொல்லிவிட்டுக் கலைந்து போவார்கள்.

ஆலங்குடியில் இருந்து பஸ் ஏறி புதுக்கோட்டை, திருச்சி கல்லூரிகளுக்குப் போய் கால்பந்து ஆடும் பையன்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஆனால் தப்பு உண்மையிலேயே பின்களத்தில்தான் இருக்கிறதா? தடுப்பாட்டம் ஏன் தளர்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

இந்திய அணிக்கே இதுதான் பிரச்னை

இது கல்லூரி அணிகளுக்கு மட்டும் வரும் வியாதி அல்ல. இந்திய தேசிய அணி சமீப வருடங்களில் கோட்டைவிட்ட முக்கியமான ஆட்டங்களைப் பாருங்கள்.

• 2019 ஜனவரி 14, பஹ்ரைன்: ஆசியக் கோப்பை. டிரா செய்தாலே அடுத்த சுற்று என்ற நிலை. கூடுதல் நேரத்தின் முதல் நிமிஷத்தில் பெனால்டி. 0-1 தோல்வி, தொடரில் இருந்து வெளியேற்றம்.

• 2019 செப்டம்பர் 5, ஓமன்: உலகக் கோப்பை தகுதிச்சுற்று, கவுகாத்தி. 24-வது நிமிஷத்தில் சுனில் சேத்ரி கோல். 82, 90-வது நிமிஷங்களில் ஓமன் இரண்டு கோல். 1-2 தோல்வி.

• 2024 மார்ச் 26, ஆப்கானிஸ்தான்: அதே கவுகாத்தி. சேத்ரியின் 150-வது சர்வதேச ஆட்டம். 38-வது நிமிஷத்தில் அவரே கோல் அடித்தார். 70-வது நிமிஷத்தில் ஒன்று, 88-வது நிமிஷத்தில் பெனால்டியில் ஒன்று. 1-2 தோல்வி.

• 2024 ஜூன் 11, கத்தார்: 37-வது நிமிஷத்தில் சாங்டே கோல். 73, 85-வது நிமிஷங்களில் கத்தார் கோல். 1-2 தோல்வி.

• 2025 ஜூன் 10, ஹாங்காங்: கூடுதல் நேரத்தின் 4-வது நிமிஷத்தில் பெனால்டி. 0-1 தோல்வி.

இவை எல்லாவற்றுக்கும் களைப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கத்தார் அடித்த முதல் கோலில் பந்து ஏற்கனவே கோட்டைத் தாண்டிவிட்டது என்ற சர்ச்சை இன்றும் இருக்கிறது. ஆனாலும் நேரத்தைக் கவனியுங்கள். இந்த ஐந்து ஆட்டங்களில் இந்தியா வாங்கிய எட்டு கோலில் ஒன்றுகூட 70-வது நிமிஷத்துக்கு முன் விழவில்லை.

உலகம் முழுக்கவே ஆட்டத்தின் கடைசி கால் மணி நேரத்தில்தான் கோல்கள் அதிகம் விழுகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்த நேரத்தில் வீரர்களின் வேகமான ஓட்டம் கணிசமாகக் குறைகிறது என்பதும் அளந்து பார்த்த விஷயம்தான்.

காரணம் 1: பந்து நம்ம காலில் நிற்பதில்லை

தொழில்முறை வீரர் ஒருவர் ஒரு ஆட்டத்தில் சுமார் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். மற்ற இடங்களில் ஆடுபவர்களோடு ஒப்பிட்டால் நடு பின்களத்தில் நிற்கும் ஸ்டாப்பர் ஓடும் தூரம் குறைவு. பிறகு ஏன் அவர் முதலில் தளர்கிறார்?

தூரத்தை மட்டும் வைத்துக் கணக்கு போட்டால் இது புரியாது. பந்து வைத்திருப்பவர் தான் எங்கே போக வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்கிறார். தடுப்பவர் அதைப் பார்த்த பிறகுதான் நகர முடியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி வேகம் எடுக்க வேண்டும். சீரான ஓட்டத்தைவிட இந்த நின்று திரும்பும் வேலைதான் தொடைத் தசையை அதிகம் பதம் பார்க்கிறது.

இதோடு பந்தை "அடிச்சு விடு" என்ற பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. பின்களத்தில் இருந்து நெடுந்தூரம் பந்தை அடித்ததும் நான்கு பேரும் முன்னால் ஏற வேண்டும். பந்தைப் பிடித்து வைக்க முன்களத்தில் ஆள் இல்லையென்றால் சில நொடிகளில் அது திரும்பி வரும். ஏறிய நால்வரும் மறுபடி பின்னால் ஓட வேண்டும். இது பத்து தடவை நடந்தால் பின்களம் காலி.

ஆக, தடுப்பாட்டத்தின் களைப்பு பெரும்பாலும் முன்களத்திலும் நடுக்களத்திலும்தான் ஆரம்பிக்கிறது. அங்கே நாலு பாஸ் சேர்ந்தாற்போல் போட்டால், பின்னால் இருப்பவருக்கு அரை நிமிஷம் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

காரணம் 2: நடுவில் விழும் ஓட்டை

60 நிமிஷம் தாண்டியதும் முன்கள வீரர்கள் எதிரணியை நெருக்குவதைக் குறைத்துக்கொள்வார்கள். எதிரணி நடுக்கள வீரருக்கு நிதானமாக நிமிர்ந்து பார்த்து பந்து போட நேரம் கிடைக்கும். அதற்குப் பயந்து பின்களம் கோல் பக்கம் இறங்கும். இப்போது நடுவில் பெரிய வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தை இரண்டு நடுக்கள வீரர்கள் மட்டும் ஓடி ஓடி நிரப்பப் பார்த்து, அவர்களும் சோர்ந்து போவார்கள். அதன் பிறகு பெனால்டி பகுதிக்குள் கிராஸ், கார்னர், இரண்டாவது பந்து என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஒரு கோல் முன்னிலையைக் காப்பாற்ற எல்லோரும் கீழே இறங்குவது பாதுகாப்பாகத் தெரியும். உண்மையில் எதிரணியை நாமே கோல் வாசலுக்குக் கூப்பிடுவதுதான் அது.

காரணம் 3: டேங்கில் பெட்ரோல் இல்லை

வேகமாக ஓடுவதற்கான எரிபொருள் கிளைகோஜன். நாம் சாப்பிடும் சோறு, இட்லி, பழம் போன்றவற்றின் மாவுச்சத்து தசையில் இந்த வடிவத்தில்தான் சேமிக்கப்படுகிறது. ஒரு முழு ஆட்டம் முடியும்போது தொடைத் தசையின் இழைகளில் சுமார் பாதி இழைகளில் இது காலியாகவோ காலியாகும் நிலையிலோ இருக்கும் என டென்மார்க்கில் நடந்த ஆய்வு காட்டியது. இது முழுமையாக நிரம்ப 48 முதல் 72 மணி நேரம் வரை ஆகலாம்.

கல்லூரி அணிகளுக்குச் சிக்கல் இங்கேதான். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் பெரும்பாலும் சில நாட்களுக்குள் நடத்தி முடிக்கப்படும். நாக்-அவுட் என்றால் ஜெயித்த அணிக்கு மறுநாளே அடுத்த ஆட்டம். காலையில் அவசரமாகச் சாப்பிட்டு பஸ் ஏறி, வகுப்பு முடிந்து, மாலையில் பயிற்சி எடுத்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் மாணவருக்கு டேங்க் எப்போதும் அரைகுறைதான். அரையிறுதியில் தடுப்பாட்டம் தளர்ந்தால், அது முந்தைய நாள் ஜெயித்த காலிறுதியின் களைப்பாகவும் இருக்கலாம்.

காரணம் 4: வெயில்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவணி, புரட்டாசியில்கூட மதிய வெயில் சுடும். உடல் எடையில் 2 சதவீதம் வியர்வையாகப் போனாலே ஆட்டத்திறன் குறைய ஆரம்பிக்கும். 60 கிலோ எடையுள்ள மாணவருக்கு அது வெறும் 1.2 கிலோ.

2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்து - மெக்சிகோ ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். ஃபோர்த்தலேசா நகர வெப்பத்தால் நடுவர் தண்ணீர் இடைவேளை விட்ட ஆட்டம் அது. 48-வது நிமிஷத்தில் முன்னிலை பெற்ற மெக்சிகோ, கோட்டையைக் காப்பதில் இறங்கியது. 88-வது நிமிஷத்தில் ஸ்னெய்டர், கூடுதல் நேரத்தில் ஹன்டெலார் அடித்த பெனால்டி. மெக்சிகோ வெளியே போனது.

காரணம் 5: காலுக்கு முன் மூளை களைக்கிறது

களைத்த வீரர் அரை நொடி தாமதமாக முடிவெடுக்கிறார். அந்த அரை நொடியில் பந்துக்கு நீட்டிய கால் எதிராளியின் காலில் பட்டால் பெனால்டி. கடைசி நேரப் பெனால்டிகள் பலவும் இப்படி வருபவைதான்.

கோல் அடித்த உடனே கவனம் சிதறுவதும் உண்டு. 2015 டிசம்பர் 20, ஐ.எஸ்.எல். இறுதிப்போட்டி தமிழக ரசிகர்களுக்கு மறக்காது. 87-வது நிமிஷத்தில் கோவா 2-1 என முன்னிலை பெற்றது. 90-வது நிமிஷத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சேம் சைடு கோல், கூடுதல் நேரத்தில் மென்டோசாவின் கோல். சென்னையின் எஃப்.சி. 3-2 என ஜெயித்து முதல் முறையாக கோப்பையைத் தூக்கியது. அன்றைக்குத் தளர்ந்தது எதிரணியின் தடுப்பாட்டம் என்பதால் நாம் அதைக் கொண்டாடினோம். அவ்வளவுதான்.

தோற்றால் 20 ரவுண்டு ஓடச் சொல்வது சரியா?

பல மைதானங்களில் தோல்விக்கு மறுநாள் கிடைக்கும் மருந்து இதுதான். ஆனால் தசை ஏற்கனவே காலியாக இருக்கும்போது ஓட விட்டால் காயம்தான் மிஞ்சும். குறிப்பாக தொடையின் பின்தசை கிழிந்தால் வாரக்கணக்கில் ஆட முடியாது. அவசரப்பட்டு திரும்ப இறங்கினால் அதே இடத்தில் மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம்.

இங்கே போவது ஒரு கோப்பை மட்டுமல்ல. தமிழ்நாட்டில் அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. மேற்படிப்பிலும் விளையாட்டுக்கு இடம் உண்டு. அதை நம்பி பூட்ஸ் மாட்டும் ஒரு கிராமத்துப் பையனுக்கு, தகுதியான போட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டிய வருடத்தில் கால் போனால், அந்த வாய்ப்பும் போய்விடலாம்.

சரி, என்னதான் செய்யலாம்?

• வார்ம்-அப்: ஃபிஃபாவின் '11 பிளஸ்' பயிற்சிக்குச் சுமார் 20 நிமிஷம் போதும். கருவிகள் தேவையில்லை. தொடர்ந்து செய்த அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைந்தன. அதில் உள்ள 'நார்டிக்' பயிற்சி (முட்டி போட்டு நின்று, கணுக்காலை ஒருவர் பிடிக்க, மெதுவாக முன்னால் சாய்வது) தொடைப் பின்தசைக் காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது.

• நீண்ட ரவுண்டுக்குப் பதில்: 4-க்கு 4, 5-க்கு 5 என சிறிய இடத்தில் ஆட விடலாம். நின்று திரும்பி ஓடும் பழக்கமும், பந்தை வைத்துக்கொள்ளும் பழக்கமும் ஒன்றாக வரும்.

• மாற்று வீரர்கள்: 2020-ல் தற்காலிகமாக வந்த ஐந்து மாற்று வீரர் விதி, 2022 முதல் ஆட்ட விதிகளில் நிரந்தரமாக இடம்பெற்றது. உங்கள் போட்டியில் எத்தனை பேருக்கு அனுமதி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கோல் விழுந்த பிறகு மாற்றுவதைவிட 60-வது நிமிஷத்தில் விங் பேக்கையும் நடுக்கள வீரரையும் மாற்றுவது பலன் தரும்.

• சாப்பாடு: ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன் இட்லி அல்லது சோறு. ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்துக்குள் வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பு போட்ட மோர். வாழையும் கடலையும் விளையும் ஆலங்குடி பக்கத்தில் இதற்குப் பெரிய செலவு ஆகாது.

• ஆபத்து அறிகுறி: வெயிலில் ஆடும் வீரர் பேச்சு குழறினால், தள்ளாடினால், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் விழித்தால் அது சாதாரணக் களைப்பு அல்ல, வெப்ப பக்கவாதமாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

ஆட்டம் பார்ப்பவர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை கடைசி கால் மணி நேரத்தில் கோல் விழுந்தால், அதற்கு முந்தைய ஐந்து நிமிஷத்தில் நம்ம நடுக்களம் சேர்ந்தாற்போல் எத்தனை பாஸ் போட்டது என்று எண்ணிப் பாருங்கள். பின்கள வீரரைத் திட்டுவதா வேண்டாமா என்று அதன் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.