யார் வாங்குவது? தலைமையகமா, கிளையா?

ஒரு நிறுவனத்திற்குப் பத்துக் கிளைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அத்தனைக்கும் தாள், கையுறை, உதிரிப்பாகம் எல்லாம் வேண்டும். இவற்றைத் தலைமையகமே மொத்தமாக வாங்குவதா, அல்லது ஒவ்வொரு கிளையும் தனக்கு வேண்டியதைத் தானே வாங்கிக்கொள்வதா? முதல் முறையை மையக் கொள்முதல் என்றும் இரண்டாவதைப் பரவல் கொள்முதல் என்றும் இங்கே அழைக்கிறேன்.

மையக் கொள்முதலின் பலம் அளவு. மொத்தமாக வாங்குபவரால் விலையைக் குறைத்துப் பேச முடியும். தரமும் எல்லாக் கிளைகளிலும் ஒன்றாக இருக்கும். கணக்குத் தணிக்கையும் எளிது. பரவல் கொள்முதலின் பலம் வேகம். இயந்திரத்தின் பெல்ட் அறுந்தால், பக்கத்துக் கடையில் வாங்கி ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம். தலைமையகத்தின் ஒப்புதலுக்காக மூன்று நாள் காத்திருந்தால், மிச்சப்படுத்திய காசைவிட நின்றுபோன உற்பத்தியின் நட்டமே பெரிதாகிவிடும்.

இதற்கு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நல்ல சான்று. பல கார் நிறுவனங்களை ஒன்றிணைத்து வளர்ந்த அதில், பியூயிக், செவர்லே, காடிலாக் போன்ற பிரிவுகள் தத்தம் விருப்பப்படி மூலப்பொருள்களை வாங்கிக் குவித்தன. 1920-ஆம் ஆண்டில் கார் விற்பனை சரிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் கையிருப்பின் மதிப்பு 20 கோடி டாலரைத் தாண்டி, நிறுவனம் பெரும் பண நெருக்கடியில் சிக்கியது.

1923-இல் அதன் தலைவரான ஆல்பிரட் ஸ்லோன், அதற்கு முந்தைய ஆண்டிலேயே பொதுக் கொள்முதல் குழு ஒன்று அமைய வழிசெய்தார். பிரிவுகள் இதை எளிதில் ஏற்கவில்லை. “எங்கள் தேவை வேறு, எங்கள் அனுபவம் வேறு” என்பது அவற்றின் வாதம். எனவே, தலைமையகம் தனித்து ஆணையிடாமல், பிரிவுகளின் பிரதிநிதிகளே குழுவில் அமர்ந்து முடிவெடுத்தனர். ஏறக்குறைய பத்தாண்டுகள் இயங்கிய அக்குழு, பொருள்களின் வகைகளைக் குறைத்துத் தரப்படுத்தவும் உதவியது.

பாடநூல்கள் அதிகம் பேசாத ஒரு தரப்பும் உண்டு. அது சிறு விற்பனையாளர் தரப்பு. பேராக்கில் என் மாமா சிறியதொரு வன்பொருள் கடை நடத்துகிறார். அருகிலுள்ள தொழிற்சாலை ஒன்று பல ஆண்டுகளாக அவரிடம் பொருள் வாங்கியது. கொள்முதல் கோலாலம்பூர் தலைமையகத்துக்கு மாறியதும் அந்த ஆர்டர் நின்றுவிட்டது. “மொத்த விலைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது’பா” என்று மாமாவே சொல்கிறார். ஆனால், ஞாயிறு இரவில் குழாய் வெடித்தால் அத்தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் இன்றும் அழைப்பது அவரைத்தான். அந்தச் சேவையின் மதிப்பு எந்த விலைப்பட்டியலிலும் ஏறுவதில்லை.

ஆகவே, இரண்டில் எது சிறந்தது என்று கேட்பதைவிட, எந்தப் பொருளை யார் வாங்க வேண்டும் என்று கேட்பதே பொருத்தம் என்பது என் கருத்து. எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான, பேரளவில் தேவைப்படும் பொருள்களைத் தலைமையகம் வாங்கட்டும். அவசரமான, சிறிய பொருள்களை ஒரு ரிங்கிட் வரம்புக்குள் கிளையே வாங்கட்டும். எந்தப் பொருள் எந்தப் பட்டியலில் சேரும் என்பதை முடிவு செய்யும்போது கிளையில் வேலை செய்பவரும் உடனிருக்க வேண்டும்.

நாளை நம்மில் சிலர் கொள்முதல் பிரிவில் அமரக்கூடும். ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன், அப்பொருளைப் பயன்படுத்துபவரிடம் ஒரு வார்த்தை கேட்போம்.