தோல்வியின் ஊதியமும் இரசிகர் ஐயமும்

ஆடுகளத்தில் இறங்குவோர் இருபுறமும் ஐவர் ஐவராகப் பதின்மரே. அவரைச் சூழவிருந்து வழக்காடுவோர் பல்லாயிரவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கூடைப்பந்தாட்ட இரசிகர் நடத்தும் வழக்குகள் பெரும்பாலும் இரண்டனுள் அடங்கும். தம் அணி எவ்வுபாயத்தைக் கைக்கொள்ளல் வேண்டும் என்பது ஒன்று. ஆட்டத்தை நடத்தும் சங்கம் பக்கஞ்சாராது நடக்கின்றதா என்பது மற்றொன்று. முன்னையது மதிநுட்பம் பற்றியது. பின்னையது நேர்மை பற்றியது. தம்முள் தொடர்பில்லாதனபோலத் தோன்றும் இவ்விரு வழக்குகளும் ஒரே விதியிலிருந்து கிளைத்தவை என்பதை அந்நாட்டுத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவார் அறிவர். அவ்விதியோ நல்லெண்ணத்தோடு ஏற்படுத்தப்பட்டது. மெலிந்தவருக்குக் கைகொடுத்தலே அதன் நோக்கம்.

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டில் மசசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரிலே ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரால், மாணவர் குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுதற்பொருட்டு வகுக்கப்பட்டது. ஊதியம் பெற்று ஆடுவோரின் பெருஞ்சங்கம் 1946இல் தோன்றியது. அதில் இன்று 30 அணிகள் உள்ளன; ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடுகின்றது. ஐரோப்பிய உதைபந்தாட்டத்திலே கடைநிலை எய்திய அணி கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும். தோல்விக்கு அங்குத் தண்டனை உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் அத்தகைய தண்டனை யாதுமில்லை. மாறாக, கல்லூரிகளினின்றும் பிறநாடுகளினின்றும் ஆண்டுதோறும் வரும் இளம் வீரரைத் தெரிந்தெடுக்கும் வேளையில், முற்பருவத்தில் மிகத் தாழ்ந்து நின்ற அணிகள் முன்னதாகத் தெரியும் உரிமையைப் பெறுகின்றன. வலியார் என்றும் வலியாராகவும் மெலியார் என்றும் மெலியாராகவும் இருந்துவிடின் காண்போர்க்குச் சுவை குன்றும் என்பது இதற்குக் காரணம்.

இவ்வுரிமையின் பெறுமதியை உணர்தற்கு ஆட்டத்தின் இயல்பைக் கருதுதல் வேண்டும். துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் பதினொருவருள் ஒருவர் எத்துணைச் சிறந்தவராயினும் அவர் பங்கு பதினொன்றில் ஒன்றே. கூடைப்பந்தாட்டத்திலோ ஐவருள் ஒருவர், தாக்குதலிலும் தடுத்தலிலும் ஒருங்கே நின்று, ஆட்டநேரத்தின் பெரும்பகுதியும் களத்தில் இருப்பவர். ஒப்பற்ற வீரர் ஒருவரைப் பெற்ற அணி பத்தாண்டுகளுக்குத் தலைநிமிரும். ஆதலின் முதல் தெரிவு என்பது கிடைத்தற்கரிய செல்வம். அச்செல்வம் தோற்றவருக்கே உரியது. இந்நிலையில் ஒரு பருவம் கைநழுவிப் போயிற்றென்று கண்ட அணி, எஞ்சிய ஆட்டங்களையும் தோற்றுவிடுதலே நன்றென எண்ணுதல் வியப்பன்று.

1966 முதல் 1984 வரை, இரு பிரிவுகளிலும் கடைசியில் நின்ற அணிகளுக்கிடையே நாணயத்தைச் சுண்டி முதல் தெரிவை முடிவு செய்தனர். ஹூஸ்ரன் அணி 1983இலும் 1984இலும் அவ்வாறு வென்றது. 1983-84ஆம் பருவத்தின் இறுதி 17 ஆட்டங்களில் அவ்வணி 14இல் தோற்றமையைக் கண்டோர், இஃது ஆற்றாமையால் வந்த தோல்வியன்று, ஆலோசித்து வந்த தோல்வி என்றனர். அவ்வாண்டு ஹூஸ்ரன் தெரிந்தெடுத்தவர் ஹக்கீம் ஒலாஜுவன். மைக்கல் ஜோர்டன் மூன்றாம் தெரிவாகச் சிக்காகோவுக்குச் சென்றார்.

இப்பழியைத் துடைக்கவே சங்கம் 1985இல் திருவுளச்சீட்டு முறையைக் கொண்டுவந்தது. இறுதிச் சுற்றுக்களுக்குத் தகுதி பெறாத ஏழு அணிகளுக்கும் சமவாய்ப்பு; கடையணிக்கெனத் தனிச் சலுகையில்லை. அவ்வாண்டு மே மாதம் 12ஆம் நாள் நியூயோர்க் விடுதியொன்றில், தொலைக்காட்சி வழியாக நாடு முழுதும் நோக்கியிருக்க, ஏழு உறைகள் உள்ளே புலப்படும் உருளையொன்றிலிட்டுச் சுழற்றப்பட்டன. சங்கத்தின் ஆணையாளர் டேவிட் ஸ்ரேர்ண் தம் கையாலேயே ஓருறையை எடுத்தார். முதல் தெரிவு நியூயோர்க் அணிக்குக் கிட்டியது. அவ்வாண்டு யாவரும் விரும்பிய வீரர் ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழகத்துப் பற்றிக் யூயிங். நியூயோர்க்கினும் தாழ்ந்து நின்றவை இந்தியானாவும் கலிபோர்னியாவின் கோல்டன் ஸ்ரேற் அணியும். இவ்விரண்டும் 22 வெற்றிகளே பெற்றவை. இந்தியானாவுக்கு இரண்டாம் தெரிவும் கோல்டன் ஸ்ரேற்றுக்கு ஏழாம் தெரிவும் கிடைத்தன.

அன்று எழுந்த ஐயம் இன்றுவரை தணிந்திலது. நியூயோர்க் நாட்டின் மிகப் பெரிய நகரம். அங்கே ஆட்டம் செழிப்பின் சங்கத்துக்கும் தொலைக்காட்சி நிலையத்தார்க்கும் வருவாய் பெருகும். ஆதலின் அவ்வுறையை முன்னரே பனிக்கட்டியிலிட்டுக் குளிரூட்டினர், தொட்டறிந்து எடுத்தற்பொருட்டு என்றனர் சிலர். உருளையில் இடும்போது ஓருறை விளிம்பில் மோதி மூலை மடங்கியது, அம்மடிப்பே அடையாளம் என்றனர் வேறு சிலர். நாற்பதாண்டுகளில் இவற்றுக்குச் சான்று பகர்ந்தார் ஒருவருமிலர். ஏழில் ஒன்று என்பது நூற்றுக்குப் பதினான்குக்கு மேற்பட்ட வாய்ப்பு. அது நிகழ்தற்கு மாயம் யாதும் வேண்டா. எனினும் ஐயுற்றவரை முற்றும் பேதையர் எனல் பொருந்தாது. சீட்டெடுத்தவர் முடிவினால் நயமடையக்கூடிய நிறுவனத்தின் தலைவர். நயமுடையார் கைபடாது சீட்டெடுத்திருப்பின், உறை மடங்கியதை எவரும் உற்று நோக்கியிரார்.

பக்கச்சார்பின் பயனும் எண்ணியவாறு விளைந்ததில்லை என்பது நகைப்புக்குரியது. யூயிங் பதினைந்து பருவங்கள் நியூயோர்க்கில் ஆடியும் சாம்பியன் பட்டத்தைக் கண்டிலர். 1994இல் இறுதிப்போட்டியின் ஏழாம் ஆட்டம்வரை அவ்வணியைக் கொண்டுசென்றார். அங்கே அவரை வென்றது, தோற்றே ஒலாஜுவனைப் பெற்றதெனப் பழிசுமந்த ஹூஸ்ரன்.

சமவாய்ப்பு முறை ஐயத்தை விளைத்ததேனும் தான் தீர்க்க வந்த நோயைத் தீர்த்தது. பொருளியலாளராகிய பெக் ரெயிலர், ஜஸ்ரின் ரொக்டன் ஆகிய இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டுகின்றது. நாணயம் சுண்டிய 1983-84ஆம் பருவத்தில், தகுதி இழந்துவிட்ட அணிகள் எதிர்பார்த்ததினும் மிகுதியாகத் தோற்றன. சமவாய்ப்பு வந்த அடுத்த பருவத்தில் அவ்வேறுபாடு மறைந்தது. கடையணிக்கு மிகுந்த வாய்ப்பளிக்கும் முறை வந்த 1989-90இல் அது மீண்டும் தலைகாட்டியது. மெலிந்தவருக்கு உதவி பெருகுந்தோறும் மெலிவை நாடுவோரும் பெருகினர். இவ்விரண்டையும் ஒருங்கே ஒழிக்கும் முறையை எவரும் இன்னும் கண்டுபிடித்திலர்.

1990இல் ஏற்பட்ட முறைப்படி பதினொரு அணிகளுக்கு 66 வாய்ப்புக்கள் பகிரப்பட்டன. கடையணிக்குப் பதினொன்று, மேலணிக்கு ஒன்று. 1993இல் அந்த ஒற்றை வாய்ப்பையுடைய ஒர்லாண்டோ அணியே வென்றது. முந்திய ஆண்டும் வென்றது அதுவே. கூக்குரல் எழவே, கடையணியின் வாய்ப்பு நூற்றுக்கு 25 ஆக உயர்த்தப்பட்டது. அன்றுதொட்டு, எண்ணிட்ட பதினான்கு பந்துகளை ஒரு பொறியிலிட்டு நான்கை வெளியேற்றுகின்றனர். வரிசை நோக்காது நான்கு எண்கள் சேரும் வகைகள் 1001. ஒன்றை விலக்கி ஏனைய ஆயிரத்தையும் அணிகளுக்குப் பங்கிடுவர். கணிதம் பயிலும் மாணவர் சேர்மானக் கணக்குக்கு இதனினும் இனிய எடுத்துக்காட்டைப் பெறுதல் அரிது.

நூற்றுக்கு 25 என்னும் அவ்வாய்ப்பே பிலடெல்பியா அணியின் மேலாளர் சாம் ஹிங்கியின் உபாயத்துக்கு நிலைக்களமாயிற்று. 2013இல் பொறுப்பேற்ற அவர், தேர்ந்த வீரரை விற்று வருங்காலத் தெரிவுகளைத் திரட்டினார். அணி முதற்பருவத்தில் 19 ஆட்டங்களும், அடுத்ததில் 18 ஆட்டங்களும், மூன்றாவதில் பத்தே ஆட்டங்களும் வென்றது. முதற்பருவத்தில் மட்டும் தொடர்ந்து 26 தோல்விகள். இரசிகருள் எழுந்த வாதம் அக்காலத்தில் அமெரிக்க விளையாட்டுலகிலே பெருவழக்காக இருந்தது. ஹிங்கியின் பக்கத்தார் கூறியது யாதெனில், இடைநிலையே கொடிய நிலை என்பது. இடைநிலை அணி பட்டமும் பெறாது, முதல் தெரிவும் பெறாது, ஆண்டாண்டாக அவ்விடத்தே உழலும். சில ஆண்டு துன்புற்று நெடுங்காலம் இன்புறுதல் அறிவுடைமை. தோல்வி தொடரத் தொடர அவர்கள் அரங்கிலே அம்முறையை நம்புமாறு முழங்கினர். தோற்ற அணியைத் தோற்றமைக்காகவே போற்றும் விந்தை அங்கு நிகழ்ந்தது. எதிர்ப்பக்கத்தார், பணம் கொடுத்து வந்தவருக்கு ஆட்டத்தைக் காட்டாது வருங்காலத்தைக் காட்டுவது வஞ்சனை என்றும், இளைஞர் தோல்வியிற் பழகிவிடுவர் என்றும் கூறினர்.

இவ்வாதத்தில் அடிக்கடி மறக்கப்படுவது ஒன்றுண்டு. களத்தில் நிற்கும் வீரர் தோற்பதற்கு ஆடுவதில்லை. தம் தொழிலும் பெயரும் அவ்வாட்டத்திலே தங்கியிருத்தலின் அவர் வெல்லவே முயல்வர். வெல்ல இயலாத அணியை மேலிடம் அமைத்துக் கொடுக்கின்றது. குற்றம் செய்யும் கை களத்திலில்லை, அலுவலகத்திலிருக்கின்றது. மத்தியஸ்தரின் ஊதுகுழல் அங்கு எட்டாது. மேலும், தோற்க விரும்பும் அணி தன்னை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை. பருவத்தின் இறுதியில் அதனோடு ஆடக்கிடைத்த அணி எளிதில் ஏறிவிட, வலிய அணிகளோடு ஆட நேர்ந்த அணி பின்தங்குகின்றது. அம்மூன்றாமவருக்கு இழைக்கப்படும் தீங்கே நேர்மை பற்றிய வழக்கின் உட்பொருள்.

ஹிங்கி 2016 ஏப்பிரலில் விலகினார். அவ்வணி பின்னர் வலுப்பெற்றது உண்மை. 2014இல் மூன்றாம் தெரிவாக வந்த ஜோயல் எம்பீட் 2023இல் அப்பருவத்தின் தலைசிறந்த வீரராக மதிக்கப்பட்டார். ஆயினும் 2001இன் பின் 2025 வரை அவ்வணி தன் பிரிவின் இறுதிப்போட்டியைக்கூட எட்டவில்லை. ஆகவே வழக்கு எப்பக்கமும் தீர்ந்திலது.

டலஸ் அணி 2023இல் செய்தது இன்னும் நுண்ணியது. தன் முதற்சுற்றுத் தெரிவை அது முன்னரே நியூயோர்க்குக்குக் கொடுப்பதாக ஒப்பியிருந்தது. அத்தெரிவு முதற் பத்துக்குள் அமைந்தால் மட்டும் தானே வைத்துக்கொள்ளலாம் என்பது உடன்படிக்கை. ஏப்பிரல் 7ஆம் நாள் சிக்காகோவுடன் ஆடியபோது, முன்னேறும் வாய்ப்பு ஒருசிறிது எஞ்சியிருந்தும் முதன்மை வீரர் பலரை இருக்கையில் இருத்தியே டலஸ் தோற்றது. சங்கம் 7,50,000 டொலர் தண்டம் விதித்தது. டலஸ் பத்தாம் தெரிவைப் பெற்றது. அதனை மாற்றிப் பெற்ற இளைஞர் டெரிக் லைவ்லியுடன் அடுத்த ஆண்டே சங்கத்தின் இறுதிப்போட்டியில் ஆடியது. தண்டம் விதித்தவருக்கும் தண்டம் இறுத்தவருக்கும் இலாபம் எப்பக்கம் என்பது தெரியாததன்று.

சங்கத்தின் மீதுள்ள ஐயம் சீட்டோடு நிற்பதன்று. 2002இல் லொஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கும் சக்கிரமெந்தோ அணிக்கும் நிகழ்ந்த ஆறாம் ஆட்டத்தில், எதிரணியின் தவறுகளுக்காக அளிக்கப்படும் தடையற்ற எறிவுகள் லொஸ் ஏஞ்சல்சுக்கு இறுதிக் காற்பகுதியில் மட்டும் 27 கிடைத்தன. சங்கம் ஏழாம் ஆட்டத்தை விரும்பியதென இரசிகர் முணுமுணுத்தனர். மத்தியஸ்தர் ரிம் டொனகி, தாம் நடுநின்ற ஆட்டங்கள் மீதே பந்தயம் கட்டியமை வெளிப்பட்டு 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டு 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 2002ஆம் ஆண்டு ஆட்டம் பற்றியும் அவர் குற்றஞ்சாட்டினார், சங்கம் மறுத்தது, வேறு மத்தியஸ்தர் எவர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. ஆயினும் ஒருவர் பிழைத்தது மெய்யானபின், பிழையாதாரையும் ஐயத்தோடு நோக்குதல் மனித இயல்பு.

இதனினும் தெளிவான ஒரு நிகழ்ச்சி 2010இன் இறுதியில் தொடங்கியது. நியூ ஓர்லியன்ஸ் அணியை வாங்குவார் இன்மையாற் சங்கமே அதனை விலைக்கு வாங்கிற்று. அடுத்த ஆண்டு அவ்வணி தன் சிறந்த வீரராகிய கிறிஸ் போலை லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுக்க உடன்பட்டபோது, ஆணையாளர் அதனைத் தடுத்தார். உரிமையாளராக நின்று தடுத்தாரா, ஆணையாளராக நின்று தடுத்தாரா என்பதை யார் பிரித்துரைப்பது? 2012 ஏப்பிரலில் அணி புதிய உரிமையாளருக்கு விற்கப்பட்டது. மே மாதத்தில் முதல் தெரிவு அதே அணிக்கு வீழ்ந்தது. சீட்டு நேராகவே வீழ்ந்திருக்கலாம். ஆயின் நீதிபதியே வழக்காளியாகவும் இருந்த ஆண்டில் அது வீழ்ந்தது.

2019இல் சங்கம் மீண்டும் விதியை மாற்றிக் கடைமூன்று அணிகளுக்கும் நூற்றுக்குப் பதினான்கு எனச் சமவாய்ப்பளித்தது. மிகத் தோற்றவர்க்கு மிகுந்த பயன் என்பது குறைந்தது. டெற்றொயிற் அணி 2023இலும் 2024இலும் எல்லாரினும் தாழ்ந்து நின்றும் இருமுறையும் ஐந்தாம் தெரிவையே பெற்றது. இவற்றுள் பின்னைய பருவத்தில் அது தொடர்ந்து 28 ஆட்டங்கள் தோற்றிருந்தது. மெய்யாகவே மெலிந்த அணி அதுவென்பதை ஐயுற்றார் இலர். உதவிதான் அதனை எட்டவில்லை.

2025 பெப்ரவரியில் டலஸ் அணி தன் ஒளிவிளக்காகிய லூக்கா டொன்சிச்சை லொஸ் ஏஞ்சல்சுக்குக் கொடுத்து, இரசிகரின் கடுஞ்சினத்துக்கு ஆளாயிற்று. மூன்று மாதம் கழித்து, நூற்றுக்கு 1.8 என்னும் வாய்ப்போடு முதல் தெரிவை அதுவே பெற்றது. கைம்மாறு செய்துவிட்டனர் என்ற கூக்குரல் உடனே எழுந்தது. கணக்கு வேறு கூறுகின்றது. புதிய விதியின்படி மேனிலையிலுள்ள ஆறு அணிகளின் வாய்ப்புக்களைக் கூட்டினால் நூற்றுக்கு 12.5 ஆகும், எட்டாண்டுக்கொருமுறை அவற்றுள் ஒன்று வெல்லுதல் இயல்பு. 2019 முதல் 2025 வரை ஏழு குலுக்கல்களில் அஃது இருமுறை நிகழ்ந்தது. சிறிது மிகை, வியக்கத்தக்க மிகையன்று. இன்ன அணி வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கும், வென்ற அணிக்குப் பின்னர்க் காரணம் தேடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இரசிகர் கருதுவதில்லை. எவ்வணி வெல்லினும் அதற்கொரு கதை கிடைக்கும்: பெருநகரெனின் வருவாய், சிறுநகரெனின் இரக்கம், அண்மையில் இழந்ததெனின் ஈடு.

இக்காலத்துக் குலுக்கல் பொதுமக்கள் கண்முன் நிகழ்வதில்லை. அணிகளின் பிரதிநிதிகளும் கணக்காய்வாளரும் செய்தியாளர் சிலரும் மட்டும் மூடிய அறையொன்றில் இருக்கப் பந்துகள் எடுக்கப்படுகின்றன. உள்ளிருப்போர் முடிவு அறிவிக்கப்படும்வரை வெளியேறவோ வெளியாருடன் பேசவோ இயலாது. பின்னரே மேடையில் உறைகள் பிரிக்கப்படும். எடுத்த காட்சியின் படத்தைச் சங்கம் பிறகு வெளியிடுகின்றது. யாவரும் காண எடுத்தபோது மடங்கிய மூலையைக் கண்டனர். அறைக்குள் எடுக்கும்போது அறையைக் காட்டுகின்றனர். டலஸ் வென்ற குலுக்கல் சிக்காகோவில் நடந்தது. நாள், நியூயோர்க் உறை எடுக்கப்பட்ட அதே மே 12. அப்பருவத்தில் 17 ஆட்டங்களே வென்று கடைசியில் நின்ற யூற்றா அணிக்கு அன்று வாய்த்தது ஐந்தாம் தெரிவு.