புள்ளி போன கீபோர்டு

‘கண்ணன வந்தான.’

திரையில் இப்படித்தான் விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் கண்ணன வந்தான. புள்ளி வைக்கும் விசை மெத்தென்று உள்ளே போனது, யோசித்து யோசித்து மேலே வந்தது, புள்ளியை மட்டும் கொண்டுவரவில்லை.

முந்தின இரவு பதினொரு மணிக்கு அரை டம்ளர் ஃபில்டர் காபி அதன்மேல் கவிழ்ந்திருந்தது. குற்றவாளி என் முழங்கைதான். கையில் கிடைத்த துண்டால் துடைத்தேன், கவிழ்த்துத் தட்டினேன், அடித்துப் பார்த்தேன், எல்லா எழுத்தும் வந்தது. நிம்மதியாகப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் விசைகளுக்கு நடுவில் எறும்புச் சாரை. எறும்பை ஊதி விரட்டிவிட்டுத்தான் கண்ணனை அடிக்க உட்கார்ந்தேன்.

தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறவர்களுக்குப் புள்ளியின் அருமை தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசை அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. புள்ளி இருப்பது ஆங்கில எஃப் இருக்கும் இடத்தில், அதாவது இடது ஆள்காட்டி விரல் சும்மா இருக்கும்போது படுத்திருக்கும் இடத்தில். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். ‘ந’வுக்குப் பின்னால் ‘த’ வந்தாலும் அப்படித்தான். அதனால் கண்ணன் நடுவில் தப்பித்துக் கடைசியில் மாட்டிக்கொண்டான். ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி வைக்காமல் எழுதிய காலத்துக்கு என் கீபோர்டு ஒரே இரவில் திரும்பிப் போயிருந்தது.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் எனக்குப் பழக்கமான ஒரு பையன் இருக்கிறான். பையன் என்றால் முப்பத்தைந்து வயது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய கடை. கீபோர்டை வாங்கி மோந்து பார்த்தான்.

“காபியா சார்?”

“ஆமாம்ப்பா.”

“கொட்டினவுடனே என்ன பண்ணீங்க?”

“துடைச்சேன்.”

“துடைச்சீங்க. கழுவலையே?”

எலக்ட்ரானிக் சாமானைக் கழுவுவதா என்று நான் விழித்தேன். அவன் சிரிக்காமல் கேட்டான்: “காபி குடிச்ச டம்ளரை வீட்ல துடைச்சா சார் கவுத்து வைப்பீங்க?”

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. காபி குடித்த கையோடு டம்ளரில் ஒரு வாய் தண்ணீரை ஊற்றி வைக்காவிட்டால் திட்டு விழும். “காஞ்சா பிடிச்சுக்கும்டா, அப்புறம் யார் தேய்க்கறது?” கீபோர்டு விஷயத்திலும் மொத்தச் சங்கதி அவ்வளவுதான். தண்ணீர் பட்டதால் கெடுவதைவிட, தண்ணீர் போன பிறகு தங்கிவிடுவதால் கெடுவதுதான் அதிகம்.

அவன் ஸ்க்ரூவைக் கழற்றிப் பிரித்துக் காட்டினான். நாம் ஐநூறு, அறுநூறு ரூபாய்க்கு வாங்கும் கீபோர்டுகளுக்குள் இருப்பது மூன்று பிளாஸ்டிக் தாள். மேல் தாளிலும் கீழ் தாளிலும் வெள்ளி கலந்த மையில் கோடுகள் அச்சடித்திருக்கும். நடுத் தாளில் ஒவ்வொரு விசைக்கும் நேராக ஒரு ஓட்டை. விசைக்கு அடியில் ஒரு ரப்பர் குமிழ். அழுத்தினால் குமிழ் மடங்கி மேல் தாளைத் தள்ளும், அது ஓட்டை வழியாகக் கீழ் தாளைத் தொடும். தொட்டால் எழுத்து. 104 விசைக்கும் தனித்தனிக் கம்பி இழுக்க முடியாது என்பதால் எல்லாவற்றையும் வரிசையும் நெடுவரிசையுமாகக் கோத்திருப்பார்கள், கோலப் புள்ளி மாதிரி. உள்ளே இருக்கும் குட்டிச் சிப் அந்தக் கட்டங்களை ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான தடவை சுற்றிவந்து எங்கே தொடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு கோடு அறுந்தால் அந்த வரிசையில் இருக்கும் நாலைந்து விசை ஒட்டுமொத்தமாகப் படுத்துவிடும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எழுத்துகள் ஒரே நாளில் போனால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டு தாளுக்கு நடுவில் சிக்கிய திரவம் லேசில் வெளியே வராது. திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஊர்ந்து பரவிக்கொண்டே போகும். மேலே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். ராத்திரி நன்றாக அடித்தது காலையில் அடிக்காததற்குக் காரணம் புரிந்தது. ஈரமாக இருந்தவரை சர்க்கரை கரைந்திருந்தது. காய்ந்ததும் புள்ளியின் ஓட்டைக்குள் ஒரு படலமாக உறைந்துவிட்டது. சர்க்கரை மின்சாரத்தைக் கடத்தாது. தாளும் தாளும் தொடுகின்றன, ஆனால் நடுவில் பாகு.

எது கொட்டியது என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். வெறும் தண்ணீர் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, உலரவிட்டாலே பெரும்பாலும் பிழைத்துவிடும். சர்க்கரை போடாத கட்டஞ்சாயாவும் பெரிய பாவம் செய்வதில்லை. பால் சேர்ந்த காபியில் சர்க்கரையோடு கொழுப்பும் புரதமும் உண்டு. ஆவின் பச்சைப் பாக்கெட் பாலில் 4.5 சதவீதம் கொழுப்பு; அது வெறும் தண்ணீருக்கு அசையாது, சோப்பு வேண்டும். விட்டுவைத்தால் நாறவும் செய்யும். கோலா பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை, கூடவே பாஸ்பாரிக் அமிலம். கடைப் பையன் மிகவும் பயப்படுவது இவை எதற்கும் இல்லை. உப்புப் போட்ட நீர்மோர், சால்ட் போட்ட லெமன் சோடா. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். “மோர் கொட்டினா மட்டும் உடனே ஓடி வந்துடுங்க சார்” என்றான்.

இந்த அரிப்பில் மின்சாரத்தின் பங்கு பெரிது. ஈரமும் மின்னழுத்தமும் ஒன்றாக இருந்தால் வெள்ளிக் கோடு கரைந்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும். செம்பு பச்சை பூக்கும். யுஎஸ்பி வழியாக வருவது 5 வோல்ட்தான், ஆனாலும் அரிப்புக்கு அது போதும். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிட்டேனே என்று சும்மா இருக்கவும் முடியாது. பல மேசைக் கணினிகளில் அணைத்த பிறகும் யுஎஸ்பி துளையில் மின்சாரம் நிற்கும். ஆகவே முதல் வேலை, வயரைப் பிடுங்குவது. வயர் இல்லாத கீபோர்டு என்றால் பேட்டரியைக் கழற்றுவது. நான் செய்ததோ நேர்மாறு: எல்லா எழுத்தும் வருகிறதா என்று ஈரத்தோடு அடித்துப் பார்த்தேன்.

பிடுங்கியாயிற்றா? கவிழ்த்துப் பிடித்து வடியவிட வேண்டும். பிறகு, காய்வதற்குள், அதாவது ஒரு மணி நேரத்துக்குள், தண்ணீர் விட்டு அலச வேண்டும். சாதாரண வயர் கீபோர்டுக்குத்தான் இந்த வைத்தியம். விளக்கெரிகிற வகைக்கும் பேட்டரி உள்ளேயே பொதிந்த வகைக்கும் இல்லை. சென்னையில் பல வீடுகளில் வருவது உப்பு ஏறிய போர்த் தண்ணீர். அதை ஊற்றினால் பாகு போய்ச் சுண்ணாம்பு பூக்கும். ஆர்ஓ தண்ணீர் பரவாயில்லை. கடைசி அலசலுக்கு இன்வெர்ட்டர் பேட்டரியில் ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் இருந்தால் உத்தமம். பேட்டரி கடையில் ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

என்னைப்போல் காய்ந்த பிறகு விழித்துக்கொண்டவர்கள் பிரித்துத்தான் ஆக வேண்டும். முதலில் மொபைலில் ஒரு படம். விசைகள் இருந்த இடம் தெரியும் என்று நினைப்போம், கழற்றியபின் தெரியாது. ஸ்பூன் காம்பை ஓரத்தில் கொடுத்து நெம்பினால் தொப்பிகள் கழன்று வரும். ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் மூன்றுக்கும் அடியில் வளைந்த கம்பி ஒன்று கோத்திருக்கும். அவற்றை விட்டுவிட்டால் மனநிம்மதி. தொப்பிகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடலாம், சட்டைக் காலரைத் தேய்ப்பதுபோல் பழைய டூத் பிரஷால் தேய்க்கலாம். தாள்களிடம் அந்த வீரம் வேண்டாம். ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் மைக்கோடு பஞ்சோடு வந்துவிடும்.

ரப்பர் குமிழ்கள் சில கீபோர்டுகளில் ஒரே பாயாக இருக்கும். என்னுடையதில் தனித்தனி. பிரித்தபோது பாதி உருண்டு மேசைக்கு அடியில் போனது. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம். அந்தப் பத்து நிமிடம் அவனுக்கு வந்த வாடிக்கையாளர்கள் நாங்கள் எதையோ தொலைத்துவிட்டோம் என்று சேர்ந்து தேடினார்கள்.

காலையில் நான் செய்த இன்னொரு காரியத்தையும் அவனிடம் ஒப்புக்கொண்டேன். கொரோனா காலத்துச் சானிடைசர் பாட்டிலை எடுத்து இடுக்குகளில் விட்டிருந்தேன். ஆல்கஹால்தானே, சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை. சர்வீஸ் கடைகளில் ஆல்கஹால் பயன்படுத்துவது உண்மைதான். ஐபிஏ என்று சுருக்கமாகச் சொல்லும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஆனால் அதன் வேலை வேறு. அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் சுமார் 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துவிடும். ஐபிஏவில் சர்க்கரை கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். பாகைத் தண்ணீர்தான் எடுக்க வேண்டும். தண்ணீரை விரட்டிச் சீக்கிரம் உலர வைக்கத்தான் பிறகு ஐபிஏ. சானிடைசரிலோ கை வறளாமல் இருக்கக் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், ஜெல் என்றால் கெட்டியாக்குகிற பொருளும் உண்டு. பாகுக்கு மேல் இன்னொரு பிசுக்கை நானே பூசியிருந்தேன்.

உலர்த்துவதில் நம்மவர்களுக்குப் பொறுமை இல்லை. ஹேர் டிரையரைக் காட்டினால் பிளாஸ்டிக் நெளியலாம், ஈரம் இன்னும் உள்ளே ஓடும். வெயிலும் வேண்டாம். அரிசிப் பானையில் புதைப்பது உலகம் முழுக்க உள்ள நம்பிக்கை. 2024 தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனமே, நனைந்த ஐபோனை அரிசியில் போடாதீர்கள், சின்ன அரிசித் துகள் உள்ளே போய்ச் சேதப்படுத்தும் என்று எழுதிவைத்தது. மூடிய அரிசிப் பானையில் வைப்பதைவிட ஃபேன் காற்று மேல். இரண்டு நாள், பிரித்த வாக்கில், ஃபேனுக்கு அடியில்.

லேப்டாப் கதை வேறு. மேலே சொன்ன எந்தக் கழுவலும் அதற்குப் பொருந்தாது. கீபோர்டுக்கு நேர் கீழே மதர்போர்டும் பேட்டரியும் இருக்கின்றன. சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்து, கூரை மாதிரி விரித்துத் துண்டின்மேல் கவிழ்த்து வைத்து, அன்றைக்கே கடைக்குப் போக வேண்டும். போன இடத்தில் பொய் சொல்லாதீர்கள். “ஒண்ணுமே கொட்டல, தானா நின்னுடுச்சு” என்பது அவர்கள் தினமும் கேட்கும் வசனம். பல லேப்டாப்களின் உள்ளே குட்டியாக வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். திரவம் பட்டால் அது சிவந்துவிடும், வாரண்டியும் அதோடு போகும். “ஸ்டிக்கர் செவந்திருக்கும், கஸ்டமர் முகம் வெளுத்திருக்கும்” என்றான் பையன். எது கொட்டியது என்று தெரிந்தால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

கவனக்குறைவு எழுத்தாளனுக்கு மட்டும் சொந்தமில்லை. 2019 பிப்ரவரி 6 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மெக்சிகோவின் கான்குனுக்கு 326 பயணிகளோடு அட்லாண்டிக் மேல் பறந்துகொண்டிருந்த ஏர்பஸ் ஏ330 விமானத்தில், விமானியின் மூடியில்லாத காபிக் கோப்பை கவிழ்ந்தது. பேச்சுத் தொடர்புக்கான பொத்தான் பலகை நனைந்து, சூடாகி, புகை வந்தது. விமானம் அயர்லாந்தின் ஷானனில் இறங்கியது. விமானி அறையில் கோப்பைத் தாங்கி இருந்திருக்கிறது. ஆனால் தந்த கோப்பைகளை அதில் வைத்து எடுப்பது தொல்லையாக இருந்ததால் விமானிகள் அதைத் தவிர்த்தார்கள் என்றது பிரிட்டனின் விசாரணை அறிக்கை. அதே ஆண்டு நவம்பரிலும் 2020 ஜனவரியிலும் ஏ350 விமானங்களில் நடு மேடையில் பானம் கொட்டி, நடுவானில் ஒரு இன்ஜினே நின்றுபோனது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அந்த விமானி அறையில் பானம் கொண்டுபோகக் கூடாத பகுதி ஒன்றை வகுத்தது. என் மேசையில் அப்படியொரு பகுதி வகுத்தால் டம்ளர் வைக்க மிஞ்சுவது என் மடிதான்.

என் காபி விழுந்தது ஐநூறு ரூபாய்ச் சாமானில். பத்திரிகை அலுவலகங்களிலும் டிடிபி கடைகளிலும் டக் டக் என்று சத்தம் போடும் டிவிஎஸ் கோல்டு மாதிரி கீபோர்டில் விழுந்திருந்தால் வைத்தியம் இன்னும் நீளும். அதில் தாள் கிடையாது. ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச். ஒவ்வொன்றாக ஐபிஏவும் தண்ணீரும் விட்டு நூறு தடவை தட்டித் தட்டிப் பிசுக்கை இளக்க வேண்டும். 

“புதுசு வாங்கிக்கலாம் சார், என் கூலி அதைவிட அதிகம்” என்று அவன் ஆரம்பத்திலேயே சொன்னான். நியாயமான பேச்சு. ஆனால் பதினோரு வருடம் பழகிய கீபோர்டு. எழுத்துகள் தேய்ந்து, எந்த விசை எது என்று என் விரலுக்கு மட்டும் தெரியும் நிலையில் இருப்பது. அதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. வீட்டுக்கு எடுத்துவந்து நானே கழுவினேன். இரண்டு நாள் ஃபேனுக்கு அடியில் கிடந்தது. வீட்டில் எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

மூன்றாம் நாள் திரும்பக் கோக்கும்போது புள்ளிக்கு உரிய குமிழ் ஓரத்தில் கிழிந்திருப்பதைப் பார்த்தேன். நான் நெம்பிய லட்சணம். போன் போட்டேன்.

“ஸ்க்ரோல் லாக் இருக்குல்ல சார், அதுலேருந்து எடுத்துப் போடுங்க. எவன் அதை அழுத்தப்போறான்?”

போட்டேன். கண்ணன் வந்தான், புள்ளியோடு. ஸ்க்ரோல் லாக் இப்போது குமிழ் இல்லாமல் பள்ளத்தில் கிடக்கிறது. பதினோரு வருடத்தில் அதை ஒரு தடவைகூட அழுத்தியதாக நினைவில்லை. இப்போது வாக்கியம் வராமல் யோசிக்கிறபோதெல்லாம் விரல் அங்கேதான் போய் நிற்கிறது.