டிசம்பர் டிஸ்னிலேண்ட்: இருவர் மட்டும் போவதென்றால்

டிஸ்னிலேண்ட் என்றதும் குழந்தைகள் நினைவுக்கு வருவது இயல்பு. பாரிஸ் டிஸ்னிலேண்டுக்கு, அதுவும் கிறிஸ்துமஸ் நேரத்தில், கணவனும் மனைவியும் மட்டும் போய்வரலாம் என்று யாராவது சொன்னால், குளிர், மழை, கூட்டம் என்று வரிசையாகக் காரணம் சொல்லித் தடுப்பவர்களே அதிகம். நான் போகச் சொல்லும் கட்சி. அந்த ஊரின் குளிர்காலத்தைப் புரிந்துகொண்டு, நாளையும் நேரத்தையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால், இரண்டு பேர் சேர்ந்து கழிக்க அதைவிட நல்ல இடம் அந்தப் பருவத்தில் அரிது.

பூங்கா இருப்பது பாரிஸ் நகருக்குள் அல்ல. கிழக்கே சுமார் 32 கிலோமீட்டர் தள்ளி, மார்ன்-லா-வலே என்ற புறநகர்ப் பகுதியில். 1980களில் டிஸ்னி நிறுவனம் ஐரோப்பாவில் இடம் தேடியபோது ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரையும் போட்டியில் இருந்தது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத இடம். ஆனாலும் பிரான்ஸ்தான் வென்றது. மேற்கு ஐரோப்பாவின் நடுவில் இருப்பது, பாரிஸின் ஆர்.இ.ஆர். ரயில் பாதையைப் பூங்கா வாசல்வரை நீட்டித் தர அரசு முன்வந்தது, இவையெல்லாம் வானிலையைவிடப் பெரிதாகப் பட்டன. 1987 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1992 ஏப்ரல் 12 அன்று பூங்கா திறந்தது.

வெயிலை விட்டுக்கொடுத்து இடத்தை வாங்கியவர்கள், குளிரை மனத்தில் வைத்தே கட்டினார்கள். வாசலிலிருந்து கோட்டையை நோக்கிப் போகும் மெயின் ஸ்ட்ரீட்டின் இரண்டு பக்கமும், கடைகளுக்குப் பின்னால், கூரை போட்ட நீண்ட நடைபாதைகள் உண்டு. ஒன்றின் பெயர் லிபர்ட்டி ஆர்கேட். அதில் சுதந்திரதேவி சிலையின் கதை காட்சியாக வைக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்று டிஸ்கவரி ஆர்கேட், பழைய கண்டுபிடிப்புகளுக்கானது. கலிஃபோர்னியாவின் மூலப் பூங்காவில் இப்படி இல்லை. அங்கே தேவையும் இல்லை. மழை கொட்டும்போது மெயின் ஸ்ட்ரீட் முழுவதையும் குடை இல்லாமல் கடந்துவிடலாம். முதல்முறை போகிறவர்களில் பலர் இந்த நடைபாதைகளைக் கவனிப்பதே இல்லை; நனைந்தபடி நடுத்தெருவில் போகிறார்கள்.

இருட்டு இந்தப் பயணத்துக்குச் செய்யும் உதவி பெரிது. ஜூலையில் பாரிஸில் இரவு பத்து மணிக்குத்தான் பொழுது சாயும். விளக்குகளின் அழகைப் பார்க்கக் காத்திருந்தால் நாள் முழுவதும் நடந்த கால்கள் கெஞ்சும். கிறிஸ்துமஸ் வாரத்தில் மாலை ஐந்துக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. அதன்பிறகு பூங்கா மூடும்வரை நான்கைந்து மணி நேரம் விளக்கு வெளிச்சம்தான். மெயின் ஸ்ட்ரீட்டின் பெரிய மரம், சரவிளக்குகள், தூரத்தில் இளஞ்சிவப்புக் கோட்டை, எல்லாம் சாவகாசமாகப் பார்க்கக் கிடைக்கும். கடைசியில் கோட்டைமேல் ஒளிக்காட்சியும் நடக்கும். சிறு குழந்தைகளோடு வந்த குடும்பத்தினர் அதற்கு முன்பே களைத்துப் போயிருப்பார்கள். இருவராக வந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

காலைக்கும் ஒரு சிறப்பு உண்டு. டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் தங்குபவர்களை, மற்றவர்களுக்கு முன்பாகவே உள்ளே விடுகிறார்கள். எக்ஸ்ட்ரா மேஜிக் டைம் என்று அதற்குப் பெயர். வழக்கமாகக் காலை எட்டரைக்குத் தொடங்கும். டிசம்பர் கடைசியில் அங்கே சூரிய உதயம் எட்டே முக்காலை ஒட்டி. அதாவது, நீங்கள் உள்ளே நுழையும்போது தெருவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருக்கும். கோட்டைப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் வானம் வெளுக்கும். தெருவில் ஆள் குறைவு. மூச்சு வெண்புகையாகத் தெரியும். மார்கழி விடியலில் எழுந்து பழகியவர்களுக்கு இது ஒன்றும் சிரமமில்லை. பீட்டர் பேன் சவாரி போல நாள் முழுக்க நீண்ட வரிசை நிற்கும் இடத்துக்கு அப்போதே போய்விடுங்கள்.

எந்த நாளில் போவது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கிறிஸ்துமஸ் அலங்காரம் நவம்பர் முற்பாதியிலேயே தொடங்கி ஜனவரி முதல் வாரம்வரை இருக்கும். அணிவகுப்பு, மெயின் ஸ்ட்ரீட்டில் தூவும் செயற்கைப் பனி, சான்டா என எல்லாம் அந்தக் காலம் முழுவதும் உண்டு. பிரெஞ்சுப் பள்ளிகளின் இரண்டு வார விடுமுறை கிறிஸ்துமஸைச் சுற்றி வருகிறது. அந்த நாட்களில், குறிப்பாக 25க்கும் புத்தாண்டுக்கும் இடையே, கூட்டம் உச்சத்தில் இருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். பள்ளி நாட்காட்டிக்குக் கட்டுப்படாத தம்பதி அந்த நெரிசலுக்குள் போய் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்? டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில், செவ்வாய் முதல் வியாழன்வரை ஏதாவது இரண்டு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். அதே அலங்காரம், குறைந்த வரிசை. டிக்கெட் விலையும் தேதிக்குத் தேதி மாறுவதால் கையிலும் கொஞ்சம் மிஞ்சும்.

கிறிஸ்துமஸ் அன்றே அங்கே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களும் உண்டு. பூங்கா ஆண்டின் 365 நாளும் திறந்திருக்கும். 25ஆம் தேதி பாரிஸில் பெரும்பாலான கடைகளும் அருங்காட்சியகங்களும் மூடிக்கிடக்கையில் இங்கே எல்லாம் நடக்கும். அப்படியானால் அறை, உணவக மேசை இரண்டையும் பல மாதங்களுக்கு முன்பே உறுதிசெய்துவிட வேண்டும்.

தங்குமிடம் பற்றி. ஒரே நாளில் போய்த் திரும்பலாமே என்று பாரிஸில் இருப்பவர்கள் நினைப்பார்கள். டிஸ்னி ஹோட்டல்கள் தொடக்க ஆண்டுகளில் நிரம்பாமல் நஷ்டப்பட்டதற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம். ஆனால் குளிர்காலத்தில் அறை பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. மதியம் இரண்டு மணிக்கு அறைக்கு வந்து, ஈர சாக்ஸை மாற்றி, ஒரு மணி நேரம் படுத்துவிட்டு, இருட்டும்போது மறுபடி போகலாம். இந்த இடைவேளையை மட்டும் விட்டுவிடாதீர்கள். காலை எட்டரை முதல் இரவு பத்துவரை வெளியிலேயே நின்றால் குளிர் எலும்புக்குள் இறங்கிவிடும். பிறகு இருவருக்கும் பேசவே பிடிக்காது.

இருவருக்கு என் தேர்வு செக்கோயா லாட்ஜ். அமெரிக்க மலைக்காட்டு விடுதி பாணியில், மரங்களுக்கு நடுவே, பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் அந்துவான் க்ரும்பாக் வடிவமைத்தது. அதன் பாரில் கல்லால் கட்டிய கணப்பு இருக்கிறது. இரவு பூங்காவிலிருந்து திரும்பி அதன் பக்கத்தில் உட்காரத்தான் மனம் போகும். உள்ளரங்க நீச்சல்குளமும் உண்டு. பக்கத்தில் ஏரிக்கரையில் நியூபோர்ட் பே கிளப். அதுவும் நல்லதே, ஆனால் ஆரவாரம் அதிகம். இரண்டிலிருந்தும் கால்மணி நேர நடையில் வாசல். ஷையான், சாந்தா ஃபே இரண்டும் விலை குறைவு, நீச்சல்குளம் கிடையாது, நடை சற்றுக் கூடுதல். வாசலிலேயே நிற்கும் டிஸ்னிலேண்ட் ஹோட்டல் 2024 ஜனவரியில் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. திருமண நாள் போன்ற பெரிய காரணம் இருந்தால் யோசிக்கலாம், விலை அப்படி. வால் தெரோப் பகுதியில் இருக்கும் கூட்டாளி ஹோட்டல்கள் மலிவு. ஆனால் அங்கே தங்கினால் அந்த அதிகாலை நுழைவு கிடைக்காது.

உள்ளே எதைச் செய்வது? எல்லாச் சவாரியிலும் ஏறிவிட வேண்டும் என்ற பட்டியலோடு போகாதீர்கள். டிசம்பரில் சில சவாரிகள் பராமரிப்புக்காக மூடியிருக்கவும் கூடும். செயலியிலும் இணையதளத்திலும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் குளிர் தாக்கும்போது உள்ளரங்கச் சவாரிகள்: பைரேட்ஸ், ஃபாண்டம் மேனர், ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டன். ஃபாண்டம் மேனர் திருமண நாளிலேயே மணமகனை இழந்த ஒரு பெண்ணின் பேய்க்கதை. மற்ற டிஸ்னி பூங்காக்களின் பேய்வீட்டைவிட இதற்குச் சோகம் அதிகம், எனக்கு அதனாலேயே பிடிக்கும். கோட்டைக்கு அடியில் ஒரு குகை உண்டு. ஈரச் சுவர், மங்கிய வெளிச்சம், நடுவில் சங்கிலியிட்ட பெரிய டிராகன் உறங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று தலையைத் தூக்கி உறுமிப் புகைவிடும். வரிசையே கிடையாது, வேண்டிய மட்டும் நிற்கலாம். பிக் தண்டர் மவுண்டனை மட்டும் இருட்டியபிறகு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் இல்லாதபடி, இங்கே இந்த ரோலர் கோஸ்டர் மலை ஒரு தீவில் இருக்கிறது. ரயில் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் வழியே பாய்ந்து தீவுக்குப் போகும். குளிர்கால இரவில் முகத்தில் அடிக்கும் காற்றோடு ஏறுவதற்குத் தனிச் சுவை.

சில சவாரிகளில் தனியாக ஏறுபவர்களுக்கென்று வேறு வரிசை உண்டு, வேகமாக நகரும். ரட்டடூயி, க்ரஷ் கோஸ்டர் போன்றவற்றில் இது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் உங்கள் இருவரையும் பிரித்து வேறுவேறு வண்டியில் உட்காரவைப்பார்கள். சேர்ந்திருக்கத்தானே வந்தோம் என்பவர்கள் பொது வரிசையில் நின்று பேசிக்கொண்டே போகலாம், அல்லது பிரீமியர் ஆக்சஸ் என்ற கட்டண வசதியை ஒன்றிரண்டு சவாரிக்கு மட்டும் வாங்கலாம்.

சாப்பாட்டுக்கு ஒரு வேளையாவது மேசை முன்பதிவு செய்துவிடுங்கள். பைரேட்ஸ் சவாரிக்குள்ளேயே ஓர் உணவகம் இருக்கிறது. எந்நேரமும் நிலவொளி போன்ற வெளிச்சம், மேசைக்குப் பக்கத்தில் படகுகள் மிதந்து போகும். மெயின் ஸ்ட்ரீட்டில் வால்ட்ஸ் என்ற உணவகம். மாடியில் ஜன்னலோர மேசை கிடைத்தால் கீழே தெரு முழுவதும் தெரியும். திறந்த புதிதில் பூங்காவுக்குள் மதுவே கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் ஒயின் இல்லாமல் மதிய உணவா என்று முகம் சுளித்ததில் 1993இல் அந்த விதி தளர்ந்தது. சைவம் சாப்பிடுபவர்களுக்கு அரபு நாட்டுப் பாணியில் அமைந்த ஆக்ரபா கஃபேயின் பஃபே மற்ற இடங்களைவிட ஒத்துவரும்.

உடை விஷயத்தில் சமரசம் கூடாது. வெப்பநிலை பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரிக்குள்தான். ஆனால் அங்குள்ள குளிர் ஈரமானது, வெறும் எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே தண்ணீர் புகாத கோட்டு. நனையாத காலணி, மாற்றுச் சாக்ஸ், கையுறை. குளிரில் போன் சார்ஜ் வேகமாக இறங்கும், வரிசை நேரம் பார்ப்பதெல்லாம் செயலியில்தான் என்பதால் பவர் பேங்க் கட்டாயம்.

போகும் வழி எளிது. பாரிஸ் மையத்திலிருந்து ஆர்.இ.ஆர். ஏ பாதையில் சுமார் 40 நிமிடம். அந்தப் பாதை கிழக்கே இரண்டாகப் பிரிகிறது. மார்ன்-லா-வலே ஷெஸ்ஸி என்று எழுதிய ரயிலில்தான் ஏற வேண்டும். கடைசி நிலையமே பூங்கா வாசல். 2025 ஜனவரியில் பாரிஸ் வட்டாரத்துக்கு ஒரே கட்டணமாக 2.50 யூரோ என்று மாற்றியதிலிருந்து இந்தப் பயணம் முன்பைவிட மலிவு. சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து டி.ஜி.வி. ரயிலில் பத்து நிமிடமே. லண்டனிலிருந்து நேராக வந்துகொண்டிருந்த யூரோஸ்டார் 2023 ஜூனோடு நின்றுவிட்டது. இப்போது லீலில் மாற வேண்டும், அல்லது பாரிஸ் கார் து நோர் வந்து ஆர்.இ.ஆர். பிடிக்க வேண்டும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், பிரித்தானியாவில் வசித்தாலும், ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். டிசம்பர் பயணத்துக்குக் கோடையிலேயே விண்ணப்பிப்பது நல்லது.

கார் து நோர் வழியாகத் திரும்புகிறவர்கள் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து சேருங்கள். நிலையத்துக்குப் பக்கத்து லா சப்பல் தெருக்களில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு நாள் பர்கரும் பாஸ்தாவும் தின்ற வாய்க்குச் சூடான கொத்து ரொட்டியோ இடியப்பமும் சொதியுமோ அங்கே கிடைக்கும்.