புது அறையின் சீலிங் தொங்குகிறதா?

கலகெதரவில் எங்கள் வீட்டோடு சேர்த்து ஓர் அறை எடுத்தோம். பாஸ் ஜிப்சம் சீலிங் அடித்துத் தந்தார். ஐப்பசி மழையில் பலகை நடுவில் தொங்கியது. ஓரத்தில் மஞ்சள் கறை. "ஈரக் காத்து அக்கா, பெயின்ற் அடிச்சாச் சரி" என்றார். ஆண் துணையில்லாத வீடென்றால் இப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள்.

சகோதரிகளே, ஜிப்சம் பலகை தண்ணீரில் ஊறினால் பலமிழக்கும், பூஞ்சணம் பிடிக்கும். கறை இருந்தால் முதலில் கூரையைப் பாருங்கள். எங்களுக்குப் பழைய சுவரும் புதுக் கூரையும் சேரும் இடத்தில் தகரம் வைக்கவில்லை. மழை அதால் இறங்கியது. கறை இல்லாமல் தொங்கினால் பலகை மெல்லியதாயிருக்கலாம், அல்லது சட்டங்கள் 2 அடிக்கு மேல் தள்ளியிருக்கலாம். எப்படியானாலும் அதன் கீழ் பிள்ளைகளைப் படுக்கவிடாதீர்கள். வயர் நனைந்தால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

பலகையே பழுதாகவும் வரும். 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்காவில் கட்டிய வீடுகள் சிலவற்றில், சீனப் பலகையிலிருந்து கந்தக வாயு கிளம்பிச் செம்புக் கம்பிகள் கறுத்தன. வீடிழந்து திரும்பக் கட்டியவர்களும் பலகைகளைக் கழற்ற வேண்டியதாயிற்று.

பற்றுச்சீட்டையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், தொலைபேசி 1977. மத்தியஸ்த சபையில் சட்டத்தரணி இல்லாமலே பேசலாம்.

நான் படங்களைக் காட்டி மத்தியஸ்த சபை என்றதும் பாஸ் மறுநாளே தகரத்தோடு வந்தார். பலகைக் காசில் பாதிதான் தந்தார். மீதிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.