துயிலும் கூந்தல்

தொகைநூற் பாடவேளை ஒன்றில் நிகழ்ந்தது இது. தலைவியின் கூந்தலையே அணையாகக் கொண்டு துயின்ற இன்பத்தை நினைந்த தலைவன், பொருள்தேடப் பிரிதற்கு உடன்படாது தன் நெஞ்சொடு வழக்காடும் துறையை விளக்கிக்கொண்டிருந்தேன். சங்கச் சான்றோர் இக்கருத்தை ஓரிடத்தன்றிப் பலவிடத்தும் பாடியிருக்கின்றனர். கூந்தலின் மென்மை, செறிவு, நறுநாற்றம் என்று உரைவிரித்துச் செல்லுங்கால், பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, அவர் தலைமயிருக்கு மேலே படுத்திருந்தால் அவளுக்கு நோகாதா? விடியத் தலை இழுக்கிறபோது எவ்வளவு சிக்கு வரும்?” என்று வினாவினாள். வகுப்புச் சிரித்தது, யானும் சிரித்தேன். “அஃது அகத்திணை மரபு, பிள்ளாய், அங்கே சிக்கு இல்லை” என்று ஏதோ கூறி அடுத்த செய்யுளுக்குச் சென்றுவிட்டேன்.

அவ்வினா சிரிக்கத்தக்கதன்று என்பதை உணர்தற்கு எனக்கு ஓராண்டு ஆயிற்று.

கூந்தலைப் பற்றித் தமிழிலே சொற்பஞ்சம் இல்லை. ஓதி, அளகம், கதுப்பு, குழல், முச்சி என மகளிர்க்கும், குஞ்சி, பங்கி, பித்தை, ஓரி என ஆடவர்க்கும் வெவ்வேறாகப் பெயர் வகுத்த மொழி நம்மது. குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி என ஐவகையாக முடிக்கப்படுதலின் ‘ஐம்பால்’ என்றனர் உரையாளர். இவ்வைந்தினையும் கரும்பலகையில் எழுதி மாணாக்கரை மனனம் பண்ணுவித்தவன் யான். ஆயின், இவ்வைந்தும் பகலிற் பிறர் காண முடிப்பவையே. இரவிற் பாயிற் சாயும்போது அக்கூந்தலை என்செய்தல் வேண்டும் என்பதற்கு நிகண்டிலே பெயரில்லை. அதனை எழுதிவைத்தற்கு ஏற்ற பொருளாக எவரும் கருதவில்லை போலும். தாய் மகளுக்குக் கைப்பழக்கமாகக் காட்டிக் கொடுத்த கல்வி அது, ஏட்டில் ஏறாதது.

முற்றிலும் ஏறவில்லை என்று கூறுதலும் பொருந்தாது. நெடுநல்வாடையில் நக்கீரர் வாடைக்காலத்து மகளிரைக் கூறுமிடத்து, அவர்கள் மாலை புனைதலை விடுத்துச் சிலவாகிய மலர்களையே சூடுதலையும், அகில் முதலியன இட்டு நறும்புகை எடுத்தலையும் காட்டுகின்றார். ஈரக் கூந்தலை அகிற்புகையால் உலர்த்தும் வழக்கம் பண்டைநூல்களிற் பயின்று வருவது. அதனை நறுமணத்துக்கென்று மாத்திரம் பொருள் உரைத்துச் செல்வது நம் வழக்கம். ஈரத்தலையோடு படுத்தல் ஆகாது என்ற இல்லத்து அறிவும் அப்புகையின் பின்னே நிற்கின்றது என்பது என் துணிபு. சீதையின் கூந்தல் அசோகவனத்தில் எண்ணெயும் சீப்பும் காணாது ஒற்றைச் சடையாய்த் திரண்டதனைத் துயரின் அடையாளமாக மட்டுமே யான் கற்பித்து வந்தேன். சடை திரளுதல் எவ்வாறு நிகழ்வது என்று கண்ணாற் கண்டபின்பே அதன் கொடுமை விளங்கிற்று.

சென்ற ஆண்டு என் மனைவி காய்ச்சலுற்று, நெஞ்சிற் சளி கட்டி, 19 நாள் வைத்தியசாலையிற் கிடந்தாள். இடைக்குக் கீழே தாழும் கூந்தல் அவளுக்கு. முதற் பத்துநாளும் உயிரைப் பற்றிய கவலையன்றி வேறு கவலை எமக்கில்லை. காய்ச்சல் தணிந்த அன்று அவளைத் தூக்கி இருத்தியபோதே பின்தலையைக் கண்டேன். றெக்சின் உறையிட்ட தலையணையில் வியர்வையோடு இராப்பகலாய் உராய்ந்து, பிடரிக்கு மேலே கூந்தல் கம்பளி போற் படிந்து கிடந்தது. கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ இல்லையோ என்ற திருவிளையாடற் புராணத்து வழக்கில், அன்று நக்கீரர் கட்சியே வென்றது; மருந்து நாற்றமன்றி வேறு மணம் அதில் இல்லை.

விடுதியிற் பணிசெய்த ஒருவர், “வெட்டிவிடுங்கோ ஐயா, அதுதான் சுகம்” என்றார். அவர் இரக்கத்தாற் சொன்னதே அது. என் மனைவி ஒன்றும் பேசாது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சிறிது கழித்து, “வெட்டிப் போடாதேங்கோ” என்று மாத்திரம் கூறினாள். பத்துநாட் காய்ச்சலில் ஒருமுறையேனும் கண்ணீர் விடாதவள் அன்று விட்டாள்.

எங்கள் மகள் கடல்கடந்த நாட்டில் இருக்கின்றாள். வேறு பெண்டுணை அவ்வேளை இல்லை. ஐம்பாலின் பெயரைந்தும் அறிந்த யான் சீப்பைக் கையில் எடுத்து உச்சியிலிருந்து கீழ்நோக்கி இழுத்தேன், அவள் துடித்தாள். அடுத்த கட்டிலில் இருந்த முதிய அம்மையார் ஒருவர், “தம்பி, மேலே இருந்து இழுத்தால் சிக்கெல்லாம் கீழே போய் ஒன்றாய் இறுகும். நுனியிலே தொடங்கு. சிக்குக்கு மேலே மயிரை ஒரு கையாற் பிடித்துக்கொள், தலை நோகாது” என்றார். தண்ணீர் விட்டுக் கழுவலாமோ என்று கேட்டேன். “கழுவினால் கயிறாகும்” என்றார். தேங்காயெண்ணெயை விரலாற் பூசி ஊறவிட்டு, சிறுசிறு பிரிவாக நுனியிலிருந்து நான்கு விரற்கிடை, பின்பு எட்டு விரற்கிடை என மேலேறிச் செல்லும்படி கற்பித்தார். சிணுக்கோலி என்ற சொல்லை அகராதியிற் கண்டிருக்கின்றேன். அதன் தொழிலை அன்றுதான் ஒரு பின்னலூசியின் முனையாற் செய்தேன். மூன்று மாலைப்பொழுது சென்றன. பெருநெல்லிக்காய் அளவினதான ஒரு முடிச்சு மாத்திரம் எவ்வாற்றானும் அவிழவில்லை, அதனைக் கத்தரித்தோம். ஏனையது தப்பிற்று.

அதன்பின்னர் இவ்விடயத்தை முறையாக அறிந்துகொள்ளும் அவா எனக்கு எழுந்தது. எம் கல்லூரி விஞ்ஞான ஆசிரியரிடம் மாணவனாய் அமர்ந்தேன். மயிரிழை கெரற்றின் என்னும் புரதத்தால் ஆயது. அதன் புறத்தே நுண்ணிய செதில்கள், கிடுகு வேய்ந்த கூரை போல, ஒன்றன்மேலொன்று படிந்துள்ளன. வேர் கூரையின் முகடு; நுனி இறப்பு. முகட்டிலிருந்து இறப்பு நோக்கித் தடவினாற் கிடுகு கிளம்பாது. எதிர்த்துத் தடவினாற் கிளம்பும். இரவிற் பலமுறை புரளுகின்றோம். ஒவ்வொரு புரட்சியிலும் தலையணை இக்கிடுகுகளை முன்னும் பின்னுமாக உரசுகின்றது. கிளம்பிய செதில் அடுத்த இழையின் செதிலைப் பற்றும், அதுவே சிக்கு. ஈரமுற்ற மயிர் நீரை உறிஞ்சிப் பருத்து வலிகுன்றி நிற்பதால் எளிதில் நீண்டு அறும். ஆதலின் ஈரத்தலையோடு துயிலுதல் இருமடங்கு தீங்கு. பகலெல்லாம் வேலைக்குச் சென்று இரவில் முழுகும் நம் பெண்பிள்ளைகளுக்கு இது பெருந்தொல்லையே. அவர்களை நோக்கி ‘இரவில் முழுகாதே’ என்று உபதேசம் பண்ணுதல் எளிது, முழுகுதற்குப் பகற்பொழுதை யார் கொடுப்பார்?

அவ்வாசிரியர் கூறியதொன்று என்னை வியப்பித்தது. தலைமயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றரே வளர்கின்றது. 72 சென்ரிமீற்றர் நீண்ட கூந்தலின் நுனி 6 ஆண்டுக்கு முன் முளைத்தது. ஆறாண்டு வெயிலும், ஈராயிரத்துக்கு மேற்பட்ட இரவுகளின் உராய்வும் கண்டது அந்நுனி. அது புதிய இழையைப் போல வலிமையுடையதாய் இருக்கும் என்று எதிர்பார்த்தல் அறியாமை. நீண்ட கூந்தல் உடையாள் ஒருத்தி அதனைப் பேணினாள் என்பதன் பொருள், ஆறேழாண்டு இரவுதோறும் ஒரு சிறுவேலையைத் தவறாது செய்தாள் என்பதே.

அச்சிறுவேலையை என் தாயார் செய்யக் கண்டிருக்கின்றேன், கண்டும் கவனித்திலேன். விளக்கு வைத்தபின் தலை இழுத்தல் ஆகாது என்பார். ஆகவே பொழுது சாயுமுன்னே சிக்கெடுத்து முடித்துவிடுவார். படுக்கும்போது கொண்டையை அவிழ்த்து மூன்று புரியாகத் தளரப் பின்னி, நுனியைப் பழஞ்சேலைக் கிழிசலால் முடிந்து, பின்னலைத் தலையணைக்கு மேற்புறமாக எடுத்துப் போட்டுவிட்டே சாய்வார். புரளும்போது உடலின் கீழ் அகப்படாதிருத்தற்கு அஃதோர் உபாயம். யப்பானில் எயான் காலத்து உயர்குலப் பெண்டிர், ஆளினும் நீண்ட தம் கூந்தலைத் தலைமாட்டில் வைத்த ஆழமற்ற பெட்டியொன்றிற் சுருட்டி வைத்துத் துயின்றனர் என்று படித்தபோது, பெட்டியில்லாத எம் தாயாரின் உபாயமும் அதுவே என்று எண்ணி மகிழ்ந்தேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாளிரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது யாமும் பெயர்ந்தோம். பாடசாலை மண்டபம் ஒன்றிற் பாய்க்குப் பாய் இடைவெளியின்றிக் கிடந்தோம். அங்கே பின்னலைத் தலைமாட்டில் எறிதற்கு இடமில்லை. ஒருவர் தலைக்கு மேலே மற்றவர் கால். தாயார் பின்னலை உச்சியிற் சுற்றி, சேலைத்துண்டொன்றால் தலை முழுவதையும் கட்டிக்கொண்டு படுத்தார். மிதிபடாமைக்கும் பேனுக்கும் அதுவே காப்பு என்றார். முழுக நீரில்லை, பேன் பெருகிற்று. தாய்மார் பலர் தம் பெண்பிள்ளைகளின் தலைமயிரைக் கழுத்தளவாக வெட்டுவித்தனர். அவர்களை யான் குறைகூறேன். கிணற்றடியில் வரிசை நின்றவர்க்கே அதன் நியாயம் தெரியும். என் தாயார் வெட்டவில்லை. வீட்டையும் வளவையும் விட்டு வந்தவர் அதனையேனும் விடாதிருக்க எண்ணினார் போலும். அவர் அதனைச் சொன்னதுமில்லை, யான் கேட்டதுமில்லை.

இக்காலத்தே பட்டு உறையும் சற்றின் உறையும் தலையணைக்கு நன்று என்கின்றனர். அது மெய்யே; பருத்தியினும் அவை வழுவழுப்புடையன, உராய்வு குறைவு. ஆயின் பட்டென்பது இழையின் பெயர், சற்றின் என்பது நெசவின் பெயர் என்பதை வாங்குவோர் மறத்தலாகாது. கடையிற் சற்றின் என்று விற்பனவற்றிற் பெரும்பாலன செயற்கை இழையே. வெப்பமிக்க எம் நாட்டில் அது வியர்வையை உறிஞ்சாது. பெட்டியடியிற் கிடக்கும் பழம்பட்டுச் சேலையொன்றின் கரை நீங்கிய பகுதியைத் தைத்துக் கொள்ளுதல் எவ்வளவோ மேல். கரையிலுள்ள சரிகை கூந்தலை அறுக்கும்; அதனை மறவாது நீக்குக. றப்பர் வளையங்களை விடுத்துத் துணிநாடா கொள்க. இறுக்கிப் பின்னுதல் கூடாது. நாடோறும் இறுக இழுபட்டால் நெற்றியோரத்து மயிர் வேரோடு கழன்று, நாளடைவில் மீள முளையாமலும் போகும். பேரர் முன்னிலையில் ஒழுங்காய்த் தோன்றவேண்டும் என்று இராக்கொண்டையை இறுக்கி முடியும் பாட்டிமார் பலரின் நெற்றி அகன்று போனதற்கு முதுமை மட்டும் காரணமன்று.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேங்காயெண்ணெய் மயிரிழையினுள்ளே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கின்றது என்றும், கனிய எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு செய்யவில்லை என்றும் 2003ஆம் ஆண்டில் இந்திய ஆய்வாளர் இருவர் எழுதினர். அவ்வாய்வு தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே நடந்தது என்பதும் மறைக்கத்தக்கதன்று. என்றாலும் முழுகுமுன் எண்ணெயிடும் எம்மவர் வழக்கத்தை அது பொய்ப்பிக்கவில்லை. இராவெல்லாம் எண்ணெய் வழியப் படுத்தல் வேறு; அது தலையணைக்கு இடும் எண்ணெய். நுனிக்கு இரண்டு மூன்று துளி போதும்.

வீடு திரும்பி இரண்டு மாதமானபின் என் மனைவியின் கூந்தல் கொத்துக்கொத்தாக உதிரலாயிற்று. நம் முயற்சியெல்லாம் வீணாயிற்றோ என்று கலங்கினோம். கடுங்காய்ச்சல் கண்டவர்க்கு இரண்டு மூன்று மாதத்தின்பின் இவ்வாறு உதிர்தல் இயல்பு. வேர்கள் இறக்கவில்லை, ஓய்வெடுக்கின்றன. மீள முளைக்கும் என்று வைத்தியர் கூறினார். அவ்வாறே இப்பொழுது நெற்றியோரமெங்கும் விரற்கிடையளவு புதுமயிர் குத்திட்டு நிற்கின்றது.

அவள் வலக்கையில் இன்னும் முழுவலிமை வரவில்லை. ஆகவே இரவுதோறும் பின்னுவது என் வேலை. முதன்மாதம் யான் பின்னிய பின்னல் நள்ளிரவுக்குள் அவிழ்ந்துவிடும். அதற்கு அஞ்சி இறுக்கினால், “இஞ்சாருங்கோ, கொஞ்சம் தளரப் பின்னுங்கோ, நெற்றி இழுக்குது” என்பாள். அளவு இன்னதென்று கைக்குத் தெரிய நாட்சென்றது. அண்மையில் அந்த மாணவி பரீட்சை முடிந்து விடைபெற வந்தபோது, முன்னர்க் கேட்ட வினாவுக்கு விடை சொல்லட்டுமா என்றேன். அவள் அவ்வினாவையே மறந்துவிட்டிருந்தாள். உள்ளிருந்து என் மனைவி, “நோகும் பிள்ளை, நல்லாய் நோகும்” என்றாள்.